மாமாவின் மெஷினும் அக்காவின் கெட்டிலும்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அதற்காக டாக்டர் ஒரு மெஷின் வாங்கச் சொன்னார். ராத்திரி மாஸ்க் மாட்டிக்கொண்டு படுத்தால் அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். மெஷின் ஓடும்வரை மாமாவிடமிருந்து சத்தமே வராது. நின்றால் இரண்டே நிமிஷத்தில் குறட்டை தெருமுனைக்குக் கேட்கும். ஒரு ராத்திரிகூட மெஷின் இல்லாமல் தூங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

ராத்திரியில் அவரைத் தனியாக விட்டுப் போக அக்காவுக்குப் பயம். அதனால் இரண்டு வருஷமாக அவள் ஓசூர் வீட்டைவிட்டு எங்கேயும் ராத்தங்கவில்லை. அவள் மகளைக் கொடுத்திருப்பது அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு ஊரில். அங்கே கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா காலையில் பஸ் ஏறிப் போவாள். மகள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் பேசுவதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அக்கா மகன்தான் இதற்கு வழி கண்டுபிடித்தான். உள்ளேயே படுக்கை, அடுப்பு, பேட்டரி எல்லாம் உள்ள ஒரு கேரவனை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தான். "அப்பா வண்டியில படுக்கட்டும். நீ அவ வூட்ல ஒரு ராத்திரி படும்மா" என்றான். அக்கா புது நைட்டி வாங்கினாள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் பத்தாவதுதான் படித்தேன். ஆனால் பதினெட்டு வருஷமாகக் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் டெஸ்டிங் டேபிளில் நிற்கிறேன். எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் தேடுவார்கள்.

வண்டி கொடுத்தவர் எல்லாவற்றையும் அக்கா மகனுக்குத்தான் விளக்கினார். அவன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். பின்னால் நின்று கேட்டது நான்.

"ஒரே நேரத்துல எவ்வளவு எடுக்கலாம்ங்கிறது ஒண்ணு. மொத்தம் எவ்வளவு இருக்குதுங்கிறது இன்னொண்ணு" என்றார் அவர். "இன்வெர்ட்டர் ரெண்டாயிரம் வாட்ஸ்தான் தாங்கும். பேட்டரி எவ்வளவு மிச்சம்னு இந்த டிஸ்ப்ளேல தெரியும். இருபது பெர்சன்ட் வந்தா எல்லாம் தானா ஆஃப் ஆயிடும். மேல சோலார் இருக்குது. வண்டி ஓடினாலும் ஏறும். நின்ன இடத்துல இன்ஜினைப் போட்டு சார்ஜ் ஏத்தாதீங்க. ஏசியை ரோட்டுல போகும்போது மட்டும் போடுங்க."

அவர் போனதும் ஒவ்வொரு சாமானையும் கவிழ்த்து, அடியில் போட்டிருந்த வாட்ஸைப் படித்து, டேப்பில் பெரிதாக எழுதி ஒட்டினேன். கெட்டில் ஆயிரத்து ஐநூறு. இண்டக்‌ஷன் அடுப்பு ஆயிரத்து எட்டுநூறு. மாமாவின் மெஷின் வெறும் ஐம்பது. பெருக்கிப் பார்த்தேன். அந்த மெஷின் ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் குடிக்கும் கரண்டைக் கெட்டில் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் குடித்துவிடுகிறது! நம்ப முடியாமல் மறுபடி பெருக்கினேன். அதே விடைதான். யாரிடமும் சொல்லவில்லை. நானாக ஒரு பேச்சை எடுப்பது எனக்கு எப்போதும் கஷ்டம்.

தேன்கனிக்கோட்டை தாண்டி டிபனுக்கு நிறுத்தினோம். அக்கா இண்டக்‌ஷனில் உப்புமாவுக்கு வைத்தாள். மகன் அந்தப் பக்கம் கெட்டிலைப் போட்டான். கீ என்று ஒரு சத்தம், எல்லாம் நின்றது. நான் இன்வெர்ட்டரை அணைத்துப் போட்டேன். அப்போதுதான் எங்கள் கம்பெனி டாய்லெட் பாஸ் ஞாபகம் வந்தது. எங்கள் லைனில் முப்பது பேருக்கு ஒரே ஒரு பாஸ் அட்டைதான். ஆணியில் தொங்கும். போகிறவள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவாள், வந்ததும் திரும்ப மாட்டுவாள். யாரும் யாரையும் கேட்க வேண்டாம், யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டாம். என்னைப் போன்றவளுக்கு அது எவ்வளவு நிம்மதி! பையிலிருந்த பழைய ஐடி கார்டு கயிற்றில் ஒரு அட்டையைக் கோத்து, 'சூடு' என்று எழுதி, அடுப்புப் பக்கம் தொங்கவிட்டேன்.

"இது என்னா சித்தி?" என்றான் மகன்.

"சூடு பண்றது எதுவானாலும் இதை மாட்டிக்கிட்டுத்தான் போடணும். ஒரு பாஸ்தான் இருக்குது."

"ஒண்ணுக்குப் போறதுக்கும் இதேதானா?" என்று மாமா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதன் பிறகு அந்தக் கீ சத்தம் வரவே இல்லை. ஒரே நேரத்தில் எவ்வளவு என்பது ஒழுங்காகிவிட்டது. மொத்தம் எவ்வளவு என்பதில்தான் மாட்டிக்கொண்டோம்.

ஊர் போய்ச் சேரும்போது டிஸ்ப்ளேயில் தொண்ணூற்றாறு. வெயில் படாமல் இருக்கட்டும் என்று வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார் மாமா. தலைக்கு மேல் சோலார் இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான். எங்கோ லைனில் மரம் விழுந்து, ஊரில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. வீடு மாதிரி வண்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒவ்வொருவராகப் பார்க்க வந்தார்கள். வந்தவரை டீ கொடுக்காமல் அனுப்புவாளா அக்கா? மகளின் ஊரில், முதல் முறையாக அவளும் ஒரு வீட்டுக்காரி. பாஸைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா "பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லிக்கொண்டே டம்ளருக்குக் கை நீட்டினார். வண்டி டிவியின் முன்னால் பிள்ளைகள். சுவரோரமாக ஊர் போன்கள் எல்லாம் வரிசையாகச் சார்ஜ் ஏறின.

நான் டிஸ்ப்ளேயைப் பார்ப்பதும் கெட்டிலைப் பார்ப்பதுமாக இருந்தேன். 'அக்கா, போதும்' என்ற வார்த்தை வாய்வரை வரும், யாராவது படியேறுவார்கள், உள்ளே போய்விடும். மூன்று மணிக்கு நாற்பத்தொன்று.

அதை மாமா பார்த்துவிட்டார். "ஏம்மா, உங்கக்கா கையால டீ குடிக்கிறவங்க எல்லாம் என் மூச்சைத்தான் குடிக்கிறாங்க போலக்கீது!"

பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னா? எங்கூட்ல வெறகுக்கா பஞ்சம்?" என்று பாலையும் டீத்தூளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகளும் போன்களும் கிளம்பின. மகன் வண்டியை வெயிலுக்கு நகர்த்தினான். நான் ஃப்ரிட்ஜை அணைத்தேன்.

மாமா சிரித்தாலும் பயந்திருந்தார். "ஏழு மணிக்கு அம்பது இல்லன்னா வண்டியத் திருப்பிடு" என்று மகனிடம் சொன்னார்.

அக்கா மகள் வீட்டுக் கொடியில் போட்டிருந்த புது நைட்டியை எடுத்து, மடித்துப் பையில் வைத்தாள்.

வெயில் இறங்கியது. நாற்பத்து நாலு. நாற்பத்தேழு. ஏழு மணிக்கு நாற்பத்தெட்டு.

"எடுடா வண்டிய" என்றார் மாமா.

நான் அக்காவின் பையைப் பார்த்தேன். "போதும் மாமா" என்றேன்.

"எது போதும்?"

"நாப்பத்தெட்டே போதும். காலையில இருபத்தெட்டு இருக்கும்."

கெட்டிலையும் மெஷினையும் அவர் முன்னால் வைத்து டேப்பைக் காட்டினேன். எட்டு மணி நேரம், கால் மணி நேரம், இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் தின்னும் கொஞ்சம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாமா இரண்டு டேப்பையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் புள்ள இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லியே. கணக்கு தப்பிப்போச்சுன்னா?"

"குறட்டை கேக்கும். பக்கத்துல உங்க மகன் இருக்கான், எழுப்பிடுவான். அப்புறம் கிளம்பிடலாம்."

"அவன் எதுக்கு? ஊரே வந்து எழுப்பும்" என்றாள் அக்கா மகள். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் பாஸை எடுத்து மெஷினின் மேல் மாட்டினேன். காலைவரை பாஸ் அதற்குத்தான். அக்கா பையைத் திறந்து நைட்டியை எடுத்தாள்.

அக்காவும் மகளும் ஒரே பாயில் படுத்தார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டபடியே தூங்கிப்போனேன்.

காலை ஆறு மணிக்கு வண்டியருகே போனபோது எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே பெரிய குறட்டை. கதவைத் தட்டினேன், ஓங்கித் தட்டினேன். மாமாவே வந்து திறந்தார். முகத்தில் மாஸ்க் பதிந்த தடம். விரலை உதட்டில் வைத்து உள்ளே காட்டினார். மேல் பெர்த்தில் அவர் மகன் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வருஷமா என்னையே சொன்னீங்களே, இப்பக் கேளு!" மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். இருபத்தேழு.

"ஒண்ணு குறையுதே, எவன் குடிச்சான்?" என்றார். பிறகு, "உங்கக்கா எழுந்துட்டாளா?"

"இல்ல மாமா. மக மேல காலைப் போட்டுத் தூங்குது."

"எழுப்பாத. ஒரு கெட்டில் தண்ணிக்கு எவ்ளோ?"

"அஞ்சு போவும்."

மாமா மெஷின் மேலிருந்த பாஸை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கெட்டிலைத் தேடினார். அவர் டீ போட்டு நான் பார்த்ததே இல்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.