‘இருக்கு’ என்று வந்த சோதனை

நோய் வருத்தம் வந்த நாட்களில் எனக்கு அழுகையே வரவில்லை, சகோதரிகளே. மரத்துப் போயிருந்தேன்.

போன ரமழானில் எட்டு நோன்போடு விட்டுவிட்டேன். நிற்க முடியவில்லை. இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டிவிட்டது போல ஒரு பாரம். பெருநாள் முடிந்த கிழமை கல்முனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறி இருந்தன. பிழையாக இருக்குமென்று மறுநாளும் எடுத்தார்கள். பிழை இல்லை. பிறகு இடுப்பெலும்பில் ஊசி குத்தி, எலும்புக்குள் இருக்கும் மச்சையை எடுத்தார்கள். கடைசியாக மரபணுச் சோதனைக்கென்று என் இரத்தம் கொழும்புக்குப் போனது. டொக்டர் நிறைய விளக்கினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இருக்கா, இல்லையா என்று பார்ப்பார்கள் என்பது மட்டும் பிடிபட்டது.

கொரோனாக் காலத்தில் ‘இருக்கு’ என்று வந்து இறந்த நம்மவர்களின் மையித்துகளை அடக்கம் செய்ய விடாமல் எரித்தார்கள். அதை மறந்தவர் நம்மூரில் இல்லை. ஆகவே ‘இல்லை’ என்றே வர வேண்டுமென்று ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்டேன்.

முடிவு வரச் சில கிழமை ஆகும் என்றார்கள். கண்ணை மூடி மௌத்தாகுமுன், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டுவிடுவோம் என்று வீடு வீடாகப் போனேன். அப்படி மாப்புக் கேட்டு வருகிறவர் மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறவர்தானே! என்னையும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். தேத்தண்ணி தந்து, மகளுக்கு மாப்பிள்ளை அமைய, மகனுக்குக் கட்டார் விசா கிடைக்க அங்கே அல்லாஹ்விடம் துஆக் கேட்கச் சொன்னார்கள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

கடைசியாக, கணவரின் கூடப் பிறந்த ராத்தா வீடு. வளவு வேலிச் சண்டையில் நாலு வருடமாக மதினியோடு கதை பேச்சு இல்லை. அவர் என்னைப் பார்த்தபடியே நின்றார்.

“இந்த மொகத்தோட ஆரும் மக்கத்துக்குப் போறல்ல. ஒனக்கு என்ன புள்ள?”

சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார். என்ன கேட்பதென்று தனக்கும் விளங்கவில்லை, அல்லாஹ் நல்லதைத் தரட்டும் என்றார். அன்று பின்னேரம் அஸர் தொழுகையை அவர் பக்கத்தில் தொழுதேன். எந்த முடிவையும் கேட்கவில்லை. கையை மட்டும் ஏந்தியிருந்தேன்.

முடிவு கேட்க மதினியும் கூட வந்தார். ‘இருக்கு’ என்றார் டொக்டர். சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த மனிதன் ஏன் சிரிக்கிறான் என்று கோபம் வந்தது. மதினிதான் என்னவென்று திருப்பிக் கேட்டார். டொக்டர் சொன்னார்:

“இந்த மரபணு மாற்றம் இருக்கிறபடியாத்தான் இது எந்த வகை இரத்தப் புற்றுநோயெண்டு நிச்சயமாச்சு. இதுக்கெண்டே குளிசை மருந்து இருக்கு. இல்லையெண்டு வந்திருந்தா நாங்க இன்னும் தேடிக்கொண்டிருக்கணும்.”

மதினி அழுதார். எனக்கு அப்போதும் வரவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது பசித்தது, பல கிழமைகளுக்குப் பிறகு.

இப்போது தினமும் குளிசை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தச் சோதனை. வெள்ளை அணுக்கள் அடங்கிவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். உம்றாவுக்கு நான் போகவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்ட துஆக்களை விடவில்லை. மதினி வீட்டுக்கும் தினமும் போகிறேன்.

சோதனைக் கடதாசியோடு காத்திருக்கும் சகோதரிகளே, டொக்டர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். பிறகு அல்லாஹ்விடம் கையேந்துங்கள், பதிலை அவனிடமே விடுங்கள். நான் கேட்டதையே அவன் தந்திருந்தால் என்று நினைக்க எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.