மரகதத்தின் சுருங்கிய ரப்பர்

மரகதம் இறந்த செய்தியை அவரது தங்கை சரோஜா தொலைபேசியில் சொன்னார். “சேர், அக்கா போயிட்டாங்க. விடியக்காலைல, தூக்கத்துலயே.” நான் “சரி” என்றேன். அது எவ்வளவு அபத்தமான பதில் என்று தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இரசாயனவியல் விரிவுரையாளரானவர் மரகதம். ஒரே ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் அவரோடு வேலை செய்தேன். ஒவ்வோர் அளவையும் நான் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். “சேர், தராசே உங்களப் பாத்துப் பயப்படுது” என்பார்.

அவரது ஆய்வை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெல்லிய ரப்பரை இழுத்துப் பிடித்து, அதன்மேல் வெள்ளியை மிக மெல்லிய படலமாகப் படியவிட்டு, பிறகு மெதுவாக விடுவார். ஆறிய பாலின் ஆடைபோல மேற்பரப்பு சுருங்கும். அதில் ஒரு துளி நீரைக் காயவிட்டு ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால், நீரில் கலந்திருக்கும் பொருள் தன் அடையாளத்தோடு ஒளியைச் சிதறடிக்கும். தட்டையான பரப்பில் அந்த ஒளி மிகவும் மங்கல். வெள்ளிச் சுருக்கங்களின் இடுக்கில் அது பலமடங்கு பெருகி, வரைபடத்தில் முகடாக எழும். “சுருக்கத்துலதான் சேர் சங்கதியே இருக்கு” என்பார்.

அந்தச் சங்கதி அவருக்கு வெறும் ஆராய்ச்சி அல்ல. சரோஜாவும் லயத்து மக்களும் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலிக்கு மேலேதான், களையைக் கொல்லும் புல்லெண்ணெயைத் தோட்டத்தார் ஒரு தொட்டியில் கலக்கிறார்கள். அந்தத் தொட்டியை வேறிடத்துக்கு மாற்ற வைக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம்.

அரசாங்க அதிகாரிகள் முன்னிலையில் பீலித் தண்ணீர்ப் பரிசோதனை நடக்கவிருந்தது. முதல்நாள் மாலை மரகதம் தன் ரப்பர் துண்டுகளைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஒளியைப் பாய்ச்சினோம். வரைபடத்தில் ஒரு முகடும் இல்லை. துண்டுகளைத் தடவிப் பார்த்த மரகதம், அங்கே ரோலரில் ரப்பர் ஷீட் அடிக்கும் முருகையாவைக் கூப்பிட்டார்.

“சுருங்கிக் கெடந்துச்சும்மா. பெரிய ஆளுங்க வர்றாங்களேன்னு ரோலர்ல விட்டு நல்லாக்கி வச்சேன்” என்றார் அவர், பாராட்டை எதிர்பார்த்து.

சுருங்கிய ஷீட் எந்தத் தோட்டத்திலும் கழிவுதானே. மரகதம் சிரித்துவிட்டார். “நல்லவேள மாமா, என்னையும் ரோலர்ல விடாம இருந்தீங்களே!”

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை. நடந்த தவற்றை மரகதம் தோட்டத்தை நடத்தும் துரையிடமும் அதிகாரிகளிடமும் விளக்கினார். புதிய துண்டில் மறுபடி செய்தபோது புல்லெண்ணெயின் முகடு எழுந்தது. துரை அதைப் பார்க்க மறுத்தார். எல்லோர் முன்னிலையிலும் நடந்த முதல் பரிசோதனையே செல்லும் என்றார். அதிகாரிகள் தலையாட்டினார்கள். தண்ணீர் சுத்தம் என்று அறிவித்துவிட்டு, போத்தல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

தோட்டத்து மண்டபத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்த நீங்களும் அந்தப் பதாகையைப் பார்த்திருப்பீர்கள். மரகதத்தின் நெற்றியில் ஒரு கோடுகூட இல்லை. கண்ணோரத்துச் சுருக்கங்களையெல்லாம் கணினியில் துடைத்திருந்தார்கள். அந்தப் பளபளப்பான முகத்துக்குக் கீழே நின்று, “எங்கள் தோட்டம் பெற்ற மாணிக்கம்” என்று பேசினார் அதே துரை. மேசையில் அவருக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல்.

மண்டபத்தின் பின்புறம் சரோஜா தேநீருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னும் அந்தப் பீலித் தண்ணிதானோ, பிள்ளை?” என்று கேட்டேன்.

“வேற எங்க சேர் போறது? தொர மட்டும் நம்ம தேத்தண்ணி வேணாம்னுட்டாரு, பாத்தீங்களா?”

இரண்டு வார்த்தை பேசும்படி என்னை அழைத்தார்கள். எழுந்து, கைகூப்பி, உட்கார்ந்துவிட்டேன். மேடை எனக்கு எப்போதும் வராது. ஆனால் புறப்படுமுன் பீலியில் ஒரு சீசா தண்ணீர் பிடித்துக்கொண்டேன்.

கடைசியாகச் செய்த துண்டுகளை மரகதம் என்னிடம் கொடுத்திருந்தார். “இத யாரும் தேய்க்காமப் பாத்துக்குங்க சேர்.” அவற்றில் அந்தத் தண்ணீரைக் காயவைத்துப் பார்த்தேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால், வழக்கம்போல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முகடு எழுந்தது.

அதே மண்டபத்தில் நடக்கும் முப்பத்தோராம் நாள் காரியத்துக்குத் துரையும் வருவாராம். மரகதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரேயொரு சுருங்கிய துண்டு. அதையும் அந்த வரைபடங்களையும் பதாகைக்குக் கீழே, மேசையில் வைக்கப் போகிறேன். பக்கத்தில் அதே பீலித் தண்ணீர் ஒரு குவளை இருக்கும். நான் பேச வேண்டியிருக்காது. துரை குடிக்கட்டும்.