குழாய் நிமிர்வதற்கு முன்

என் அத்தை டிராக்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் நசுங்காமல் இருக்க, இருக்கைக்கு மேல் இரும்புக் குழாயை வளைத்து ஒரு சட்டம் போடுவார்கள். அது எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு வளையும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. பட்டறையில் அவளுக்கு ‘வளைவு மேடம்’ என்று பெயர். கல்யாணம் ஆகவில்லை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வந்து இறங்கியபோது, இரண்டாவது தட்டைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டினாள்.

மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே ஆள், அந்தச் சட்டங்களைப் பற்றவைக்கும் வெல்டர். அவள் டப்பாவில் பாதி அவருக்கு.

“என்ன மேடம், உங்க கம்ப்யூட்டர்ல என் குழாய் உயிரோட இருக்கா?”

“இருக்குண்ணே. உங்க நாக்கு அளவுக்கு வளையல.”

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

புதுச் சட்டம் தேறிவிட்டது என்று அறிக்கை கொடுத்திருந்தாள். அதை நம்பி வெல்டரும் ஒரு வரிசை முழுக்கப் பற்றவைத்து முடித்துவிட்டார். சட்டத்தை நிஜமாகவே அழுத்திப் பார்க்கும் சோதனைக்கு முந்தின நாள் காலை, வீட்டில் எனக்குத் திரையில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“அழுத்துறோம், வளையுது பாரு. பாரத்தை எடுத்தா கொஞ்சம் நிமிரும். முழுசா நிமிராது.”

அவள் கை நின்றது. அறிக்கையில் வைத்தது கணக்கின் கடைசிப் படம். குழாய் நிமிர்ந்த பிறகு உள்ளது. அதில் ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருந்தது. படத்தைப் பின்னால் நகர்த்தினாள். பாரம் உச்சத்தில் இருந்தபோது குழாய் தலைக்குள் இருந்தது.

“நாளைக்கு சோதனையில தெரிஞ்சிடாதா அத்தை?”

“எங்க இடத்துல பாரத்தை எடுத்த பிறகுதான்டி அளப்பாங்க. தேறிடும். கவிழ்ந்து கிடக்கிறவனுக்குத்தான் தெரியும்.”

கம்பெனியில் போய்ச் சொல்லிவிட்டாள். எல்லாச் சட்டங்களையும் அறுத்துக் குறுக்குக் குழாய் வைக்க வேண்டும் என்று முடிவானது.

“தப்பு என்னோடதுண்ணே. உங்க வெல்டிங்ல குறையே இல்ல.”

“அப்புறம் ஏன் மேடம் என் குழாயை அறுக்கறாங்க?” வெல்டர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பட்டறை ஆட்களின் மேசைக்குப் போய்விட்டார்.

திருத்திய சட்டத்தைச் சோதித்த அன்று, பொம்மை ஓட்டுநரின் தலையில் ஈரக் களிமண் அப்பச் சொன்னாள். குழாய் பட்டால் தடம் விழுந்துவிடும், பிறகு நிமிர்ந்தாலும் மறைக்க முடியாது.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் கேட்டேன். “பட்டுச்சா?”

“படல.” செருப்பைக் கழற்றினாள். “வெல்டர் அண்ணன் வந்து களிமண்ணைத் தொட்டுப் பார்த்தார். போயிட்டார்.”

மறுநாளும் டப்பாவில் வழக்கம்போல அவருக்கும் சேர்த்தே வைத்தாள். சாயங்காலம் பாதி அப்படியே திரும்பி வந்தது. சூடுபண்ணி நாங்கள் சாப்பிட்டோம்.