சாரம் கட்டிய ராக் பாடகன்

ஜெர்மனியின் ஹம் நகரத்துக் கடைகளுக்குப் பாண் ரொட்டி ஏற்றி இறக்கிய என் மாமாவின் வண்டியில் பாட்டுக் கசெற் ஒன்று சிக்கி, எப்படி இழுத்தும் வெளியே வர மறுத்தது. அதனால் அம்மாவின் தம்பியான அவர், பழைய ஆங்கில ராக் குழு ஒன்றின் பாட்டுகளையே வருடக்கணக்காகக் கேட்டார். அதன் முதற் பாட்டு உலகப் புகழ் பெற்றது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். விருப்பமான பாட்டு ஒன்று எப்படிப் பிறந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும் என்றார் இசை ஆசிரியை. மாமாவிடம் கேட்டேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனாலும் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

“அதை எழுதினவன்ர கதை எனக்கு வடிவாத் தெரியும். கேள் பிள்ளை.”

ஊரில் நடந்த போருக்குத் தப்பிப் பாடகனும் அவன் சிநேகிதனும் கடற்கரைக்கு ஓடி வந்தார்களாம். வள்ளம் தள்ளி நின்றதாம். இருவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நடந்தார்களாம். ஒருவருக்குத்தான் இடம் என்றானாம் ஓட்டி. “நீ போ, நான் அடுத்த வள்ளத்தில வாறன்” என்று சிநேகிதன் அவனைத் தூக்கி ஏற்றிவிட்டானாம். பாட்டின் நடுவில் கிட்டார் அப்படி அலறுவது அதனால்தானாம்.

ஆங்கிலேயப் பாடகன் சாரம் கட்டியது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. வகுப்பில் நிமிர்ந்து நின்று சொன்னேன். சாரம் என்றால் என்னவென்று கேட்டார்கள். இடுப்பில் சுற்றிக் கட்டும் லுங்கி என்று சொல்லி, கரும்பலகையில் வரைந்தும் காட்டினேன்.

பின்வரிசைப் பையன் ஒருவன் கை உயர்த்தினான். அந்தப் பாட்டு, பாடகனின் களவுபோன மோட்டார் சைக்கிளைப் பற்றியதாம். பாடகனே தொலைக்காட்சியில் சொன்னானாம். வகுப்பு சிரித்தது.

“தொலைக்காட்சியில் எல்லாவற்றையும் சொல்வார்களா? என் மாமாவுக்குத் தெரியும்” என்றேன்.

ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. “உன் மாமா எப்படி வந்தார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பாண் வண்டியில். பள்ளி விட்டதும் என்னை ஏற்ற வருவார்.”

வகுப்பு மறுபடி சிரித்தது. ஆசிரியை எனக்கு ‘ஒன்று’ போட்டார். ஜெர்மனியில் அதற்கு மேல் புள்ளி கிடையாது. ஆகவே கதை உண்மை, வென்றது நான்.

வண்டியில் ஏறியதும் எல்லாவற்றையும் மாமாவிடம் ஒப்புவித்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“மோட்டார் சைக்கிளோ? அதுக்குப் போய் ஆராவது இப்பிடிக் கத்துவினமோ?”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பிறகுதான் கேட்டேன்: “மாமா, அந்தச் சிநேகிதன் அடுத்த வள்ளத்தில வந்திட்டானோ?”

வண்டி எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. திருப்பிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியவர், “நாளைக்கு என்ன பாடம்?” என்றார்.

இவ்வளவும் விவரமாகத் தெரிந்தவருக்கு முடிவு மட்டும் தெரியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.