கிழக்கு கேட்டவர்கள்

காய்ந்த கண்மாயின் களிமண் தரையில் தோல் பந்து விழுந்து எழும்பும்போது, காலிப் பானையை விரலால் தட்டியது போல ஓர் ஓசை கேட்கும். பங்குனி மாத வெயிலில், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்தத் தரையிலிருந்து சேறும் மீன் செதிலும் சேர்ந்து காய்ந்த வாடை மேலெழும்பி வர, பந்துக்கு விளக்கெண்ணெய் தடவிய கையை டவுசரில் துடைத்துக்கொண்டு நாங்கள் கரை மேல் வரிசையாக உட்கார்ந்திருப்போம். இப்போது மதுரை கே.கே. நகரில் என் மகன் வீட்டில், சுவரை அடைத்த டி.வி.யில் நான் பார்க்கிற கால்பந்து ஆட்டங்களுக்கு எந்த வாடையும் கிடையாது. ஆனாலும் ஒன்று மட்டும் மாறவேயில்லை. தோற்ற அணியின் ஆட்கள் மைதானத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, சோபாவில் சாய்ந்திருக்கும் என் பேரன் “கோலிதான் விட்டான்” என்று கோல்கீப்பர் மேல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். எனக்கு ரத்தம் சூடேறுகிறது. டாக்டர் கூடாது என்று சொல்லியும் ஏறுகிறது.

மதுரையின் பழைய பகுதியில், ஆற்றுக்குத் தெற்கே இருந்தது எங்கள் தெரு. எல்லா வீடுகளிலும் வசூல் செய்து வாங்கிய பதினோரு நீலப் பனியன்கள்தான் எங்கள் அணிக்கு இருந்த ஒரே சொத்து. பனியன் தெருவுடையது என்பதால் அதைத் திரும்பக் கேட்கும் உரிமையும் தெருவுக்கு இருந்தது. ஆட்டம் தோற்றால் அன்று மாலையே பெரியகருப்பு மாமாவின் டீக்கடை முன்னால் கூட்டம் கூடும். யாரால் தோற்றோம் என்று பேசி முடிவெடுப்பார்கள். அப்படி முடிவானவர் தன் பனியனைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்து டீக்கடை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வேறோர் ஆள் கிடைக்கும்வரை அது அங்கேயே தொங்கும். டீ குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் “ஆணிக்குப் போவது”. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

எங்கள் கோல்கீப்பர் அபு, பக்கத்து வீட்டுப் பூட்டுக் கடைக்காரரின் மகன். பதினெட்டு வயது இருக்கலாம். வாரம் முழுவதும் அரம் பிடித்த கையோடு தன் அத்தாவின் கடையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய அத்தாவுக்கு ஆட்டம், கூட்டம் எதுவும் பிடிக்காது. “தெரு அவனை நம்பிப் பனியன் குடுத்துருக்கு. அது இருக்குற வரைக்கும் ஞாயித்துக்கிழமை போகட்டும். அது போச்சுன்னா ஞாயித்துக்கிழமையும் கடைதான்” என்று எல்லோர் முன்பும் சொல்லியிருந்தார். ஆக, அபு அண்ணனுக்கு அந்தப் பனியன் வெறும் துணி இல்லை. வாரத்தில் அவருக்கென்று இருந்த ஒரே மாலைப்பொழுது அதில்தான் இருந்தது. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள்.

நான் சொல்லும் ஆட்டம் கோச்சடைப் பையன்களோடு, அவர்கள் ஊர்ப் பக்கத்துக் கண்மாயில் நடந்தது. கண்மாய் கிழமேலாக நீண்டு கிடந்ததால் ஒரு கோல் கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலுமாகக் கம்பு நட்டிருந்தார்கள். காசு சுண்டியதில் நாங்கள் ஜெயித்தோம். எங்கள் கேப்டன் சோலை அண்ணன் எந்தப் பக்கம் கேட்பது என்று வாயைத் திறப்பதற்கு முன்பே கரை மேலிருந்த எங்கள் தெருவே “கெழக்கு! கெழக்கு கேளு!” என்று கத்தியது. கடை திறப்பதானாலும் கல்யாண மணையில் உட்கார்வதானாலும் எங்கள் ஆட்கள் கிழக்குப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். பந்தாட்டத்தை மட்டும் எப்படி மேற்குப் பார்த்துத் தொடங்குவது? சோலை அண்ணன் கிழக்கு கேட்டார். கிழக்குப் பார்த்து ஆடினோம். முதல் பாதியில் வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கோச்சடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். அந்தக் கண்மாய் அவர்களுடையது. அங்கே இரண்டாம் பாதி நடக்கிற ஐந்தரை மணிக்குச் சூரியன் எந்தப் பனைக்கு மேலே தாழ்ந்து வந்து நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் எனக்கு அந்தப் பதினோரு வயதிலேயே வந்துவிட்டது. முதல் பாதியில் எங்கள் கோலை நோக்கி அவர்கள் ஐந்து முறை அடித்தார்கள். ஐந்தையும் அபு அண்ணன் பிடித்தார். நாங்கள் ஒரு கோல் போட்டிருந்தோம். பக்கம் மாறியதும் அவர் கிழக்குக் கோலில், மேற்கைப் பார்த்து, சூரியனுக்கு நேரெதிரே வந்து நின்றார். இரண்டாம் பாதியில் அவர்கள் ஆறு முறை அடித்தார்கள். நான்கு பந்துகள் தரையோடு உருண்டு வந்தன; நான்கையும் விழுந்து பிடித்தார். உயரமாக வந்தவை இரண்டே. இரண்டு முறையும் அவர் புறங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, பந்து எங்கே என்று தேடுகிற ஆளைப் போல நின்றதை நான் பார்த்தேன். இரண்டும் கோல். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் பழி யாருக்கு என்பது முடிவாகிவிட்டிருந்தது.

“ஒசரத்துல வந்தா கோலி எக்க வேணாமா? செலை மாதிரி நிக்கிறான்யா!”

“ஊருப் பூட்டெல்லாம் ரிப்பேர் பாக்குறவன், கோலைப் பூட்ட மறந்துட்டான் மாப்ள.”

“சாவியக் கோச்சடைக்காரன் கையில குடுத்துட்டு வந்துட்டான்போல.”

பெரிய சிரிப்பு. பெரியகருப்பு மாமாவும் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அபு அண்ணன் முழங்காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் நின்றிருந்தார். நான் முன்னால் போய், உருண்டு வந்த நான்கையும் பிடித்தார், மேலே வந்த இரண்டும் சூரியனுக்குள்ளிருந்து வந்தன, நாம் கிழக்கு கேட்காமல் இருந்திருந்தால் அந்த வெயில் அவர்கள் கோலிக்குத்தான் விழுந்திருக்கும் என்று என் கணக்கைச் சொன்னேன். “எம்புட்டுப் பேசுது பாரு இது! வெயிலு அம்புட்டுப் பேருக்கும் ஒண்ணுதான்டா” என்று ஒருவர் என் தலையில் தட்டினார். சோலை அண்ணன் மட்டும் என்னைப் பார்க்காமல் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அபு அண்ணன் வாயைத் திறந்தார்.

“பனியனைக் கழட்ட மாட்டேன். நாளைக்குச் சாயந்தரம் இதே நேரத்துக்கு அதே எடத்துக்கு வாரேன். நீங்களும் வாங்க. பேசுனவுக ஒவ்வொருத்தரா அந்தக் கம்புக்கு நடுவுல நில்லுங்க, நான் அடிக்கிறேன். ஒருத்தர் பிடிச்சாலும் நானே கொண்டாந்து ஆணியில மாட்டிடுறேன்.”

கூட்டம் சம்மதித்தது. கடைக்கு அரைநாள் மட்டம் போட்டதற்கு அத்தாவிடம் அவர் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே கண்மாயில் நின்றார்.

மறுநாள் மதியத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டது. பங்குனியில் அப்படி ஒரு மூட்டத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஐந்தரை மணிக்குச் சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்மாய் முழுவதும் சாம்பல் நிறத்தில் குளுகுளுவென்று கிடந்தது. அபு அண்ணன் மேற்கைப் பார்த்தார். வேண்டாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சொன்ன சொல்லுக்கு வந்து நின்றுவிட்டார். ஏழு பேர் மாறி மாறிக் கோலில் நின்றார்கள். நான்கு பேர் விட்டார்கள், மூன்று பேர் பிடித்தார்கள். பிடித்தவர்களில் ஒருவர் பெரியகருப்பு மாமா. அவரே எதிர்பார்க்கவில்லை, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வேட்டி அவிழ உட்கார்ந்துவிட்டார். கண்மாயே சிரித்தது. “இன்னைக்கு வெயில் இல்லையே, இது செல்லாதே” என்று நான் தொண்டை கிழியக் கத்தியது அந்தச் சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பனியன் ஆணிக்குப் போனது. மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தது. அடுத்த ஞாயிறு அபு அண்ணன் கடையில் உட்கார்ந்து, ஒரு பித்தளைப் பூட்டை ராவிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். “நீ எண்ணுனது சரிதான்டா. போய் ஆட்டத்தப் பாரு” என்றார்.

பார்க்கப் போனேன். போனதால்தான் இதை எழுதுகிறேன். அன்று அதே கண்மாயில் நடந்த ஆட்டத்திலும் காசு சுண்டியதில் நாங்களே ஜெயித்தோம். கரை மேலிருந்த எங்கள் தெரு “கெழக்கு” என்று கத்தவில்லை. ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சோலை அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேக்கு” என்றார். அன்று மட்டுமல்ல, அதன்பிறகு அந்தக் கண்மாயில் நான் பார்த்த ஒன்பது ஆட்டங்களில் காசு எங்கள் பக்கம் விழுந்த ஐந்து முறையும் மேற்குதான் கேட்டார்கள். அதைவிடத் தெளிவான ஒப்புதல் வேறென்ன வேண்டும்? ஆனால் டீக்கடைக்குத் திரும்பிய பிறகு, ஆணியிலிருந்து அந்தப் பனியனை எடுத்து உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க எவருக்கும் கை எழவில்லை. அது வேறொரு பையனுக்குப் போனது. பாடத்தைத் தெரு எடுத்துக்கொண்டது, பழியை அபு அண்ணனிடமே விட்டுவிட்டது.

இப்போது அந்தக் கண்மாய் இல்லை. பிளாட் போட்டு, ரோடு போட்டு, வீடுகள் வந்துவிட்டன. போன ஆண்டு ஆட்டோவில் ஒரு சுற்று சுற்றியும் கோல் கம்பு நட்ட இடம் எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை. டீக்கடை செல்போன் கடையாகிவிட்டது. ஆணிக்குப் போவது என்றால் என்னவென்று கேட்கவும் ஆளில்லை. அபு அண்ணன் கல்யாணமானதும் பேரையூரில் மாமனார் கடைக்குப் போய், அங்கேயே இருந்து, இரண்டு வருடத்துக்கு முன்பு காலமானார்.

சோலை அண்ணன் மட்டும் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், என் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி, மகள் வீட்டில். காலையில் பூங்காவில் சந்திப்போம். எங்கே தொடங்கினாலும் பேச்சு அந்தக் கண்மாயில்தான் போய் முடியும். இன்று காலை அவராகவே இறங்கி வந்தார்.

“தம்பி, சலிச்சுப்போச்சுடா. பாதி அபு மேல, பாதி வெயிலு மேல. இத்தோட முடிச்சுக்குவோமா?”

“வெயில் மேல போட்ட பாதி, வெயில்ல நிக்க வச்சவுகளுக்குச் சேரும்ணே. மீதிப் பாதியும் அவுகளுக்குத்தான்.”

“ஆளே போய்ச் சேந்துட்டான். இன்னும் என்னத்துக்குடா அவனுக்காக மல்லுக்கட்டுற?”

“அதுனாலதான்ணே. இருந்தா அவரே வந்து பந்து அடிச்சுக் காட்டுவாரு.”

அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, “நாளைக்கு வாரேன், பேசிக்குவோம்” என்று கோபமாகப் போனார். வரட்டும். அன்று டீக்கடை முன்னால் அந்தப் பக்கம் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள், இந்தப் பக்கம் நான் ஒருவன். இன்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.