சீட் கம்பிக்குப் போட்ட ஆயில்

என் சித்தியின் சைக்கிள் கடை அலமாரியில் ஸ்பேனர்களைவிடக் குப்பிகளும் டப்பாக்களும்தான் அதிகம். செயினுக்கு மெல்லிய ஆயில். அதிலும் மழைக்கு ஒன்று, புழுதிக்கு ஒன்று. சக்கரத்துக்குள் உருளும் குண்டுகளுக்கு கிரீஸ். இரண்டு உலோகங்கள் அசையாமல் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் இடத்தில், அவை ஒட்டிப்போகாமலிருக்கச் சாம்பல் நிறப் பசை. பக்கத்துக் கடைத் தையல்காரரால் சும்மா இருக்க முடியாது.

“என்ன டாக்டரம்மா, இன்னைக்கு செயினுக்கு சிரப்பா, ஊசியா?”

“உங்க மெஷின் இருமுற சத்தம் தாங்கலை. முதல்ல அதைக் கூட்டிட்டு வாங்க.”

எந்த வண்டிக்கு எதைப் போட்டாலும், தேதியோடு சீட்டின் அடியில் எழுதிவைப்பது சித்தியின் வழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெண் தன் கணவரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் இறந்து இரண்டு மாதம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கள் முதல் காலை ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்தில் பஸ் கிடையாது. கணவர் நெட்டை. சீட்டை இறக்கினால்தான் இவளுக்குக் கால் எட்டும்.

சித்தி போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்துத் திருகினார். சீட்டைத் தாங்கி, சட்டத்தின் குழாய்க்குள் இறங்கும் சீட் கம்பி அசையவில்லை. துருவுக்கான ஆயிலை விட்டு ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். ஊஹூம். இன்னும் பலம் கொடுத்தால் வண்டியின் சட்டமே விரிந்துவிடும்.

“மழையில போட்டிருப்பாருக்கா. அவருக்கு எதுலதான் அக்கறை? போகும்போது இதையும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டார்.”

சித்தி சீட்டின் அடியைத் துடைத்தார். சித்தியின் கையெழுத்துதான். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. ‘சீட் கம்பி: செயின் ஆயில், தற்காலிகம்.’ அன்று பசை தீர்ந்திருந்தது. புது டப்பா வந்ததும் அவள் கணவரைக் கூப்பிட்டு மாற்றித்தர நினைத்த சித்தி, மறந்துபோனார். ஆயில் வடிந்துபோக, இரும்புக் குழாயும் அலுமினியக் கம்பியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுவிட்டன.

துடைக்கும் துணி சித்தியின் கையிலேயே இருந்தது. இன்னும் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தால் எழுத்து போயிருக்கும். மழைதான் என்று விட்டிருக்கலாம்.

“மழை இல்லைம்மா. நான் போட்டது தப்பு. இங்க பாரு, நானே எழுதியிருக்கேன். அவர் மேல ஒரு குத்தமும் இல்லை.”

அவள் குனிந்து படித்தாள்.

“ரெண்டு மாசமா அவரைத் திட்டிட்டே இருக்கேன்,” என்றாள் பிறகு. “திங்கக்கிழமைக்குள்ள ஆகுமாக்கா?”

“கம்பியை அறுத்துத்தான் எடுக்கணும். அவர் வெச்சிருந்த கம்பி போயிடும். வண்டிக்கு ஒண்ணும் ஆகாது.”

அவள் சீட்டின் மேல் கைவைத்து நின்றாள்.

“அறுங்க.”

ரம்பத்தகட்டின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, குழாயில் கீறல் படாமல், உள்ளே வெற்றாக இருந்த கம்பியை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார் சித்தி. சனிக்கிழமை முழுக்க அதே வேலை. எட்டிப் பார்த்த தையல்காரர் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார். ஞாயிறு மதியம் கடைசித் துண்டு வெளியே வந்தது. குழாயைத் துடைத்து, பசை தடவி, புதுக் கம்பியைச் செருகினார்.

அவள் ஏறி, தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

“இன்னும் ஒரு விரல் இறக்குங்கக்கா.”

சித்தி போல்ட்டைத் தளர்த்தி லேசாக அழுத்தினார். கம்பி சத்தமில்லாமல் இறங்கியது.