சாவிக்கொத்து கேட்ட விடுப்பு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குச் சாவிக்கொத்து என்று பட்டம். இடுப்பில் சாவி எதுவும் கிடையாது. ஏழு மென்பொருள்களின் கடவுச்சொற்களும் அவள் தலைக்குள் இருந்தன. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் புகார் ஒரு மென்பொருளில் பதிவாகும். மெக்கானிக் எந்தத் தெருவில் நிற்கிறார் என்பது இன்னொன்றில் தெரியும். உதிரி பாகத்துக்கு வேறு, வாடிக்கையாளர் கையெழுத்துக்கு வேறு, லீவுக்கு வேறு. ஆபீசுக்குள் பேசிக்கொள்ளவே இரண்டு.

பக்கத்து நாற்காலியில் பதினொரு வருடமாகப் புகார் போன்களை எடுப்பவளுக்குப் போன்காரி என்று பெயர் வைத்தது சாவிக்கொத்துதான். போன்காரிக்குக் கம்ப்யூட்டர் சுட்டுப்போட்டாலும் வராது.

“அக்கா, மறுபடியும் உள்ள விடமாட்டேங்குது.”

“நகரு. உன்னைப் பாத்தாலே அது மூஞ்சியத் திருப்பிக்குது” என்று நாற்காலியோடு உருண்டு வந்து, நாலு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவாள்.

லீவு விஷயத்தில் மட்டும் கறார். “பதிஞ்சாதான் லீவு. வாயால கேட்டது காத்தோட போயிடும்” என்பாள்.

கடைசி இரண்டு மாதம் அவளுக்கு விடாத தலைவலி. நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டே வேலை பார்த்தாள்.

“டாக்டரைப் பாத்தியாக்கா?”

“பாக்கணும். லீவு கெடைக்கட்டும்.”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. போன்காரி திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்க மறந்துபோனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாவிக்கொத்து மாடிப்படியில் சுருண்டு விழுந்தாள். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். “ஆஸ்பத்திரின்னாலே அவளுக்குப் பயம். அதான் போகாம இழுத்தடிச்சா” என்று கணவர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். கல்லூரியில் படிக்கும் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் போன்காரியைக் கூப்பிட்டார். “எல்லாத்துலேர்ந்தும் அவங்க பேரை எடுத்துடும்மா. பக்கத்துல இருந்தவ நீதானே. உள்ள போற கடவுச்சொல்லெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு.”

ஒவ்வொரு மென்பொருளும் ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் அவள் விரல் நின்று, பிறகு அழுத்தியது. லீவு மென்பொருள் மட்டும் மறுத்தது. ‘நிலுவையில் மூன்று விண்ணப்பங்கள் உள்ளன.’

திறந்தாள். ‘தலைவலி. ஸ்கேன் எடுக்க ஒரு நாள்.’ பத்துப் பத்து நாள் இடைவெளியில், அதே வரி மூன்று தடவை. மூன்றின் கீழும், ‘மாற்று ஊழியரின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது.’ மாற்று ஊழியர் என்று போன்காரியின் பெயரே இருந்தது.

நாளுக்கு நூறு தகவல் வந்து குவிகிறதே என்று சலித்துப்போய், லீவு சம்பந்தப்பட்டவற்றையெல்லாம் கண்ணில் படாத ஒரு மூலைக்கு எப்படியோ தட்டுத்தடுமாறித் தானே திருப்பிவிட்டிருந்தாள். போய்ப் பார்த்தாள். மூன்றும் அங்கேதான் கிடந்தன, திறக்கப்படாமல்.

மேனேஜரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். “நீ சம்மதிச்சாத்தான் எனக்கு வரும். எனக்கு வரவே இல்லையேம்மா. அவங்க நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேனே.”

ஞாயிற்றுக்கிழமை சாவிக்கொத்தின் வீட்டுக்குப் போனாள். கணவர் வெளியே போயிருந்தார். மகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் உடுப்புகளும் அதில் இருந்தன. போன்காரி உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“உங்கம்மா பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கல கண்ணு. மூணு தடவை கேட்டிருக்கா. நான்தான் பாக்கல. திட்டணும்னா திட்டிடு.”

மகள் மடிப்பதை நிறுத்தினாள்.

“சித்தி, நீங்க சம்மதிச்சாச்சான்னு அம்மாகிட்ட நான் தெனமும் கேப்பேன். ‘அவளுக்கே வேலை தலைக்கு மேல கெடக்கு, நானும் இல்லேன்னா தவிச்சுப்போவா. முடியறப்போ அவளே சரின்னுவா. நாமளா நச்சரிக்கக் கூடாது’ன்னாங்க.”

மகள் எழுந்துவந்து தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

“அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன் சித்தி. நீங்க கொஞ்ச நாள் இங்க வராதீங்க.”

குரலில் கோபமில்லை. போன்காரி தலையாட்டினாள். செருப்பை மாட்டுவதற்குள் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.